ஆடும் ஆச்சி யாருக்குத் தாய்

அம்மாவின் கையிலிருந்து சாமான்கள் விழுவதை நான் எண்ணத் தொடங்கியது 1953 வைகாசியில். திங்கட்கிழமை செம்பு. புதன்கிழமை அகப்பை. வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே செம்பு. அடுத்த வாரம் எண்ணிக்கை ஏழானது. அம்மா ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத்தான் திட்டினாள். "எளவு, வழுக்குது பாத்தியா" என்பாள். செம்பைப் புளி போட்டுத் தேய்த்தும் பார்த்தாள்.

பிறகு எதையும் பிடித்திராத நேரத்திலும் கை அசைவதைக் கண்டேன். அம்மா பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வலது கை விரல்கள் மட்டும் மடியில் எதையோ தேடுவதுபோல் நிமிர்ந்து மடங்கும். தோள் ஒரு பக்கமாகத் துள்ளும். அதை மறைக்க, அந்த அசைவை வேறு ஒரு காரியமாக முடித்துவைப்பாள். கை தானாக உயர்ந்தால் தலைமுடியைக் கோதிவிடுவாள். தோள் துள்ளினால் முந்தானையைச் சரிசெய்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டிலிருந்து, எத்தனை தடவை முந்தானையைச் சரிசெய்கிறாள் என்று எண்ணினேன். நாற்பத்தொன்றில் நிறுத்திவிட்டேன். மேலே எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது அம்மாவுக்கு நாற்பத்துநான்கு வயது. மூத்த மகளான எனக்கு இருபத்துநான்கு. அப்பா இறந்து ஆறு வருடமாகியிருந்தது. எங்கள் வீட்டில் அம்மாவின் அண்ணன், என் மாமா, கூட இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நாகர்கோவிலில் கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் சர்க்கார் அலுவலகத்தில் எனக்கு ட்ரேசர் வேலை. திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். இன்ஜினீயர்கள் பென்சிலில் போட்டுத் தரும் படத்தின்மேல் மெழுகு பூசிய துணியை விரித்து, கீழே தெரியும் கோடுகளை மையால் அச்சுப்பிசகாமல் பிரதி எடுக்க வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து இறங்கும் பெரிய கால்வாயும் அதன் கிளைகளும் எந்த ஊர் வயலில் போய் முடிகின்றன என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியும். அந்த வேலைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நடுங்காத கை.

ஆனி மாதம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அம்மாவை நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அம்மாவால் முடியவில்லை, உள்ளே போய்விட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி நீட்டினாள். மறுபடியும் போய்விட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"உங்கள் வீட்டில் இதற்கு முன்னால் யாருக்காவது இப்படி இருந்ததா?"

"தெரியாது டாக்டர்."

"தெரிந்துகொண்டு வாருங்கள். சில குடும்பங்களில் இது இரத்தத்தில் வரும். நாற்பது வயதை ஒட்டித் தொடங்கும். அப்படி வந்ததென்றால் மருந்து கிடையாது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. அப்படி இல்லை, இது புதிதாக வந்தது என்றால், வேறு காரணம் தேடலாம். வேறு காரணங்களில் சிலவற்றுக்கு மருந்து உண்டு. வம்சத்தில் இருந்ததா என்று உறுதியாகத் தெரியாமல் நான் எதையும் தொடங்க முடியாது."

நான் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். ஒன்று, வம்சம். இரண்டு, வயது. மூன்று, பாதிக்குப் பாதி. மூன்றாவதை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. என் தங்கை ஏழாம் மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக அந்த வாரம்தான் புருஷன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

'தெரியாது' என்று டாக்டரிடம் சொன்னது முழு உண்மை அல்ல. எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அம்மாவைப் பெற்ற தாயின் தாய் ஒருத்தி, கடைசிக் காலத்தில் பின்கட்டு அறையில் நாள் முழுக்க ஆடிக்கொண்டே கிடந்து செத்தாளாம். அவளுக்கு வீட்டில் 'ஆடும் ஆச்சி' என்றுதான் பெயர். சின்ன வயதில் நாங்கள் சோறு தின்ன மறுத்தால், "ஆடும் ஆச்சி வருவா" என்று சொல்லித்தான் ஊட்டுவார்கள். சிரித்துக்கொண்டே சொல்லப்பட்ட கதை. பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வரும்போது அது எனக்குள் வேறாக மாறியது. ஆடும் ஆச்சி, அவள் மகள், அவள் மகளான என் அம்மா, பிறகு நான். நேர்க்கோடு. இடையில் இருந்த அம்மாவின் தாய் மட்டும் இருபத்தொன்பது வயதில் காலராவில் போய்விட்டாள். ஆடும் வயது வருவதற்கு முன்பே போய்விட்டதால் அவளைக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

அன்று முதல் ஒவ்வொரு நாள் காலையிலும் அலுவலகத்தில் முதல் வேலையாக ஒரு துண்டுத் துணியில் பத்துக் கோடு இழுத்துப் பார்ப்பேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். பிறகு துணியைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

எங்கள் குடும்பங்களில் அம்மாவின் காலம் வரை மருமக்கள் வழிதான். பிள்ளைகள் தாயின் வீட்டுக்கு உரியவர்கள். சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். சட்டம் மாறி, நிலமெல்லாம் பாகமாகப் பிரிந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் "நீ எந்த வீடு பிள்ளை?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என் வாயில் அம்மாவின் வீடுதான் வரும். ஆகவே வம்சம் தேடுவது என்றால் எங்கே தேட வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே எழவில்லை. பழைய ஓலைகளும் காகிதங்களும் கிடந்த பெட்டியின் சாவியை மாமாவிடம் கேட்டேன்.

"என்னத்துக்குட்டி?"

"டாக்டர் கேக்காரு மாமா. ஆடும் ஆச்சியைப் பத்தி."

 மாமா மடியிலிருந்து சாவியை எடுத்துத் தந்தார். "பாரு, நல்லாப் பாரு. அந்த ஆச்சியைப் பத்தித்தானே? அதுல எல்லாம் கிடக்கு" என்றார்.

பெட்டியில் இருந்தவை நான்கு. அம்மாவுடைய தாயின் ஜாதக ஓலை. இறந்தவர்களின் திவச நாட்களைக் குறித்த நோட்டு. ஆளுக்கு ஆள் தினம் எவ்வளவு அரிசி அளந்தார்கள் என்று வருடாவருடம் எழுதிய படி ஓலைகள். கல்யாணப் பொருத்தம் பார்த்த ஒரு காகிதம். இவை போதாதென்று கிராம அலுவலகத்தில் மரணப் பதிவேட்டையும் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். அங்கிருந்த குமஸ்தா, "சொத்து வழக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்லை" என்றேன். அவர் நம்பவில்லை. சொத்து இல்லாமல் செத்தவர்களைத் தேடி ஒரு பெண் அலுவலகத்துக்கு வருவதை அவர் பார்த்ததில்லை.

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது முதல் சிக்கல் தெரிந்தது. அம்மாவின் தாய் இறக்கும்போது வயது இருபத்தொன்பது என்கிறது திவச நோட்டு. பதிவேடும் அதையே சொல்கிறது. ஆனால் ஜாதக ஓலையில் உள்ள பிறந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் முப்பத்திரண்டு வருகிறது. நம் ஊர்க் கணக்கில் வயது பிசகுவது சாதாரணம். கொல்லம் ஆண்டு ஆவணியில் மாறும்; சித்திரையில் மாறும் என்று நினைத்து எழுதினால் ஒரு வருடம் பிசகும். முடிந்த வயதைச் சொல்வதா, நடக்கிற வயதைச் சொல்வதா என்பதில் இன்னொரு வருடம் போகும். எப்படி இழுத்தாலும் இரண்டு வருடம். மூன்றாவது வருடம் எங்கிருந்து வந்தது?

படி ஓலைகளை எடுத்தேன். வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்த காலத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் தினம் இவ்வளவு என்று அரிசி அளந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாழி. வளர்ந்த பிள்ளைகளுக்கு உரி, அதாவது அரை நாழி. கைக்குழந்தை தாண்டிய சின்னப் பிள்ளைகளுக்கு உழக்கு, கால் நாழி. அம்மாவுடைய தாயின் பெயர் மூன்று வயதில் உழக்கில் தொடங்குகிறது. ஐந்து வயதில் உரியாகிறது. அந்த வருடம் புரட்டாசியில் பெயர் நின்றுபோகிறது. நான்கு மாதம் இல்லை. தை மாதம் அதே பெயர் திரும்ப வருகிறது. ஆனால் அளவு உழக்கு.

அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். உரி அரிசி தின்ற பிள்ளை நான்கு மாதம் காணாமல் போய் உழக்கு அரிசி தின்னும் பிள்ளையாகத் திரும்பி வந்திருக்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு வயதாகியிருக்கிறாள்.

பொருத்தக் காகிதத்தைக் கடைசியில் பிரித்தேன். பெண்ணின் நட்சத்திரம் திருவாதிரை என்றிருந்தது. ஜாதக ஓலையில் பூரம். காகிதத்தில் இருந்த பிறந்த ஆண்டு, ஓலையில் இருப்பதற்கு மூன்று வருடம் பின்னால். கணக்கு நேராகிவிட்டது. இருந்தவை இரண்டு பிள்ளைகள், ஒரே பெயரில். முதல் பிள்ளை ஐந்து வயதில் செத்திருக்கிறாள். பெண் இல்லாவிட்டால் அந்தக் கிளை அற்றுப்போகும். தத்து எடுக்கலாம், அதற்கு மற்றக் கிளைக்காரர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அவர்கள் ஏன் சம்மதிப்பார்கள்? ஆகவே எங்கிருந்தோ ஒரு பெண்குழந்தையைக் கொண்டுவந்து, செத்தவளின் பெயரையும் ஜாதகத்தையும் இவளுக்குப் போட்டு, படி அளந்திருக்கிறார்கள். வீட்டாரிடம் பொய் சொல்லத் துணிந்தவர்களுக்குக் கல்யாணத்தில் நட்சத்திரத்திடம் பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. அங்கேயும் சாவுக் கணக்கிலும் மட்டும் உண்மையை எழுதியிருக்கிறார்கள்.

மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் தென்னந்தோப்பில் ஓலை கீறிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க அம்மை ஆடும் ஆச்சி வயித்துல பிறந்தவ இல்லையா?"

அவருக்கு ஆச்சரியம் இல்லை. "கண்டுபிடிச்சிட்டியா? ஆமா மக்கா. பணகுடிப் பக்கத்துல இருந்து தூக்கிட்டு வந்த பிள்ளைதான். எனக்கு அவளே சொல்லியிருக்கா. பெத்தவளை எனக்கும் தெரியும். எண்பது வயசுல கண்ணாடி போடாம ஊசி கோத்தா."

"அப்போ ஆடும் ஆச்சி ரத்தம் நமக்கு இல்லை."

"ஒரு துளி கிடையாது. டாக்டர்ட்ட தைரியமாப் போய்ச் சொல்லு."

அன்றைக்கு நான் அழுதேன். வீட்டில் யாரும் பார்க்காமல் கால்வாய்ப் படித்துறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.  மறுநாள் அலுவலகத்தில் மீந்துபோன துணித் துண்டு ஒன்றில் வம்ச வரைபடத்தை மையால் வரைந்தேன். ஆடும் ஆச்சியையும் அவள் மகளையும் தனியே ஒரு கோட்டில் வைத்து, முடிவில் குறுக்குக்கோடு போட்டு அடைத்தேன். பணகுடிக்காரியிலிருந்து எங்களுக்கு வேறு கோடு. இதைவிடச் சுத்தமான படத்தை நான் அதுவரை வரைந்ததில்லை.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அருமையாக இருக்கிறது" என்றார். பிறகு, "ஆண்கள் எங்கே?" என்றார்.

"இருக்கிறார்களே டாக்டர். இது மாமா. இது அம்மாவுடைய தாயின் சகோதரர்."

"மாமன்மார் இருக்கிறார்கள். நான் கேட்பது தகப்பன்மார். உங்கள் அம்மாவின் அப்பா எங்கே?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். நான்கு தலைமுறைப் பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய சகோதரர்கள் இருந்தார்கள். யாருக்கும் தகப்பன் இல்லை. என் அப்பாவைக்கூட நான் வரையவில்லை. டாக்டர் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கத்துக்காரர், தகப்பன் வழி ஊர். அவருக்கு இது விளங்கவில்லை. எனக்கோ அது விடுபட்டதாகக்கூடத் தோன்றவில்லை. பெட்டியில் இருந்த எந்த ஓலையிலும் தகப்பன் பெயர் கிடையாது. அரிசி அளந்தது பெண்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும்தான். தகப்பனுக்கு அவருடைய தாய்வீட்டில் அளந்திருப்பார்கள்.

"அம்மாவின் அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்" என்றேன். "அம்மாவுக்கு ஆறு வயது. யாத்திரை போன இடத்தில் காய்ச்சல்."

"யார் சொன்னது?"

"வீட்டில் சொல்வார்கள்."

"எழுதி வைத்திருக்கிறார்களா?"

திவச நோட்டில் அவர் இல்லை. இருக்கவும் மாட்டார். அவருக்குத் திவசம் கொடுக்கிறவர்கள் அவருடைய மருமக்கள். அந்த நோட்டு வேறு வீட்டில் இருக்கும். டாக்டர் படத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது.  இத்தனை நாள் தேடியதில் நான் பார்த்தது பாதி இரத்தம்தான். மற்றப் பாதியில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது.

பொருத்தக் காகிதத்தில் மாப்பிள்ளை வீட்டின் பெயரும் ஊரும் இருந்தன. அஞ்சுகிராமம். ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, அலுவலக வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனதில் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில். பட்டியல் போட்டால் பயம் அடங்கும். அன்றைக்கு அடங்கவில்லை. மருங்கூர் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து நின்றேன். கண்டக்டர், "என்ன பிள்ளை, இங்கயா?" என்றார். "இல்லை" என்று உட்கார்ந்தேன்.

வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் அப்பாவுக்குச் சகோதரி மகள். நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்தார்.

"அந்த வீட்டுப் பிள்ளையா நீ? இத்தன வருசத்துக்கு அப்புறம் வந்தியா? எதுக்கு, நிலமா?"

"இல்லை அத்தை. அம்மையோட அப்பா எப்படிச் செத்தாருன்னு கேக்க வந்தேன்."

"எப்படிச் செத்தாருன்னா? எங்க வீட்டு ஆளுக எப்படிச் சாவாங்களோ அப்படித்தான்." அவர் சாதாரணமாகச் சொன்னார். "பின்னாடி காவு இருந்துது, நாகருக்கு விட்ட மரக்கூட்டம். வீட்டை ஆண்டுக்கிட்டிருந்த காரணவர் ஒருத்தர் அதை வெட்டிட்டாரு. அதுக்கப்புறம் வீட்டுல தலைமுறைக்கு ரெண்டு பேரு இப்படி. பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சே போவாங்க. ஒனக்கு யாரும் சொல்லலையா?"

திண்பண்டம் எடுத்துவர உள்ளே போனவரைத் தடுத்து, திவச நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அம்மாவின் அப்பா இறந்த நாள் அதில் தெளிவாக இருந்தது. நான் கணக்கிட்டேன். தவறு என்று நினைத்து மறுபடி கணக்கிட்டேன். அவர் இறந்தபோது அம்மாவுக்கு வயது ஆறு அல்ல, பதினான்கு.

"யாத்திரையா?" அத்தை சிரித்தார். "எட்டு வருசம் இந்தக் கட்டில்ல யாத்திரை போனாரு. உங்க வீட்டுல வச்சுப் பாக்க முடியலைன்னு வில்வண்டியில ஏத்தி இங்க கொண்டாந்து விட்டாங்க. சோத்தை வாயில வச்சா பக்கத்துல இருக்கவ மேல போய் விழும். இடுப்பைத் துணியால கட்டிலோட கட்டி வச்சிருந்தோம், விழுந்திரக் கூடாதுன்னு. உங்க அம்மைக்குக் கல்யாணம் நடக்கணும் இல்லா, அதனால செத்துப் போயிட்டாருன்னு சொல்லியிருப்பாங்க. உங்க மாமன் மட்டும் ரெண்டு தடவை வந்து பாத்தான்."

அம்மாவுடைய அப்பாவின் அண்ணனுக்கும் இருந்ததாம். அவர்களுடைய தாய்க்கும். அத்தை விரல் விட்டுச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். பெயர், வயது, தொடங்கிய வயது. நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு. நாற்பது. என் கையெழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அத்தை கடைசியில் கேட்டார்: "உங்க அம்மை சுகமா இருக்காளா?" நான் பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி, கேக்கல" என்றார்.

எங்கள் ஊரில் பஸ் நின்றபோது மாமா நிறுத்தத்தில் இருந்தார். நான் எங்கே போனேன் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குப் போகாமல் கால்வாய்க் கரையில் நடந்தோம்.

"நீங்க தெரிஞ்சே பெட்டிச் சாவியைக் கொடுத்தியளா மாமா?"

"ஆமா."

"ஆடும் ஆச்சி நம்ம ரத்தம் இல்லைன்னு நான் கண்டுபிடிப்பேன், அதோட நிறுத்திருவேன்னு."

"நீ நிறுத்தியிருப்ப. அந்த டாக்டர் எங்கயோ இருந்து வந்து கெடுத்துட்டான்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ஏட்டி, அப்பாவை வண்டியில ஏத்துனப்ப எனக்குப் பதினோரு வயசு. அன்னைக்கே தெரியும். ஒங்கம்மைக்குச் சொல்லியிருந்தா அவ கல்யாணம் கட்டியிருப்பாளா? கட்டியிருந்தாலும் பெத்திருப்பாளா? நீ எங்க இருப்ப? அதான் வாயை மூடிக்கிட்டேன். நான் மட்டும் கட்டாம இருந்துட்டேன். என்னால முடிஞ்சது அதுதான்."

 எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவரிடம் காட்ட முடியாத கோபம்.

அவர் நின்றார். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார், உள்ளங்கை கீழே, விரல்களை விரித்து. "நீ நுணுக்கமாப் பாக்கத் தெரிஞ்சவ. பாத்துச் சொல்லு. எனக்கு நாப்பத்தொம்பது ஆச்சு. தினமும் நானே பாத்துப் பாத்து இப்ப எனக்கு ஒண்ணும் தெரியல."

அந்தக் கைகளைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகள். இடது சுண்டுவிரல் ஒரு தடவை மேலே போய் வந்தது. காற்றாக இருக்கலாம். வெகுநேரம் நீட்டியதால் இருக்கலாம். நான் நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

"டாக்டர்ட்ட போவோம் மாமா" என்றேன்.

"ஒனக்கு என்ன தெரியுது, அதைச் சொல்லு."

"எனக்குச் சொல்லத் தெரியல. வாங்க, போவோம்."

தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். வேண்டாம் என்பதற்கு ஒன்பது காரணம் கிடைத்தது. சொல்ல வேண்டும் என்பதற்கு ஒன்றுதான்: மாமா எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்வேனா? மூன்றாம் நாள் அவள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் முடிக்க முடியாது என்று வேகமாகச் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "பாதிக்குப் பாதின்னா, எனக்கு வரலைன்னா இதுக்கும் வராது, அப்படித்தானே?" என்றாள். 'இதுக்கு' என்று வயிற்றைத் தொட்டாள்.

"அப்படித்தான்."

"எனக்கு வருமான்னு இப்பத் தெரியுமா?"

"தெரியாது. நாப்பது வயசு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"நீ என்னத்துக்கு எனக்குச் சொன்ன?" என்றாள். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.  அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை, "எப்பப் போறீங்க டாக்டர்ட்ட? நானும் வாறேன்" என்றாள். நிறைமாதத்தில் பஸ் வேண்டாம் என்று அம்மா சத்தம் போட்டாள். அவள் கேட்கவில்லை.

புரட்டாசியில் நால்வரும் போனோம். புதிய படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் தகப்பன்மார் இருந்தார்கள். அஞ்சுகிராமத்துக் கட்டிலில் கிடந்தவரிலிருந்து ஒரு கோடு அம்மாவுக்கும் ஒன்று மாமாவுக்கும் வந்தது. டாக்டர் அதை மேஜையில் விரித்தார். இந்தத் தடவை அருமை என்று சொல்லவில்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போது எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாமா முதலில் கையை நீட்டினார். டாக்டர் இரண்டு கைகளையும் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். எழுதிக்கொண்டார். "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.  டாக்டர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று மாமா காத்திருந்தார். பிறகு நகர்ந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

"எல்லாரும் வரிசையா கை நீட்டுதியளே, கைரேகை பாக்க வந்த மாதிரி" என்றாள் அம்மா. "டாக்டரே, இவளுக்கு மாப்பிள்ளை எந்தத் திசையில இருந்து வருவான்னும் பாத்துச் சொல்லிருங்க." தோள் துள்ளியது, முந்தானையைச் சரிசெய்தாள். டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அந்த அறையைவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது.

என் முறை. கைகளை நீட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். நாக்கை நீட்டி வைத்திருக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் அந்த ஒரு நேரத்தை மட்டும் நான் எண்ணவில்லை.

"இன்றைக்கு ஒன்றும் இல்லை" என்றார்.

இன்றைக்கு. நன்றி சொன்னேன்.

டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்து வைத்திருந்தாள். எடுக்கவில்லை.

"அதுக்காகத்தானேம்மா வந்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஆமா, அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். "வந்த பிறகு வேண்டாம்னு தோணுது. அக்கா கையைப் பாத்தாச்சு இல்லா? போதும். எனக்குப் பிள்ளை பெறணும் டாக்டர், அதுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையில் விரித்திருந்த படத்தை எடுத்துச் சுருட்டினேன். அவர் பேனாவைத் திறந்து, தங்கையிடம், எத்தனையாவது வாரம், கால் வீங்குகிறதா, குழந்தை நன்றாக அசைகிறதா என்று கேட்க ஆரம்பித்தார்.

"அசையுது" என்றாள் தங்கை. சொன்ன உடனே வாயை மூடிக்கொண்டாள். பிறகு, குரலை உயர்த்தி, இன்னொரு தடவை சொன்னாள்: "நல்லா அசையுது."